நாலாவது கட்டம்

அவர் பார்த்து முடித்த செய்தித்தாளில் எப்போதும் ஒரு ஜன்னல் இருக்கும். அலுவலகத்துக்கு வரும் தினசரியை முதலில் எடுப்பவர் அவர்தான். தலைப்புச் செய்தி எதையும் பார்க்க மாட்டார். நேராக உள்பக்கத்தைத் திருப்பி, நாலு கட்டங்களில் வரும் படக்கதையைத் தேடுவார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் செருகியிருக்கும். அதை எடுத்து ஓரம் பிசகாமல் வெட்டிக்கொண்டு, மிச்சப் பேப்பரை எங்கள் பக்கம் தள்ளிவிடுவார். பிறகு யார் அதை விரித்துப் படித்தாலும் அந்த நீள ஓட்டை வழியாக அவர்கள் கண் மட்டும் எதிரில் இருப்பவருக்குத் தெரியும். அதையும் பார்த்துச் சிரிப்பார்.

எங்களுக்கு அவர் ‘சார்’, அவ்வளவுதான். வேங்கிக்கால் பக்கம் வயல்களெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த காலம். ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், நிலம் அளந்து வரைபடம் போட்டுக்கொடுக்கும் தனியார் அலுவலகத்தில் அவர் தலைமை டிராஃப்ட்ஸ்மேன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்த எனக்கு அவருக்கு அடுத்த மேஜை. இருபத்தைந்து வருஷமாகிறது. நேற்று என் மகளின் பள்ளியிலிருந்து என்னைக் கூப்பிட்டனுப்பும்வரை அவரைப் பற்றி யாரிடமும் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. இதை எழுத உட்கார்ந்த பிறகும் இரண்டு முறை எழுந்துபோய் அவள் அறைக்கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்தேன்.

வெட்டி எடுத்த படக்கதையை அவர் உடனே படித்துவிட மாட்டார். நாலாவது கட்டத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வார். மூன்று கட்டங்களை மட்டும் வெகுநேரம் பார்ப்பார். கடைசியில் என்ன ஆகும் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டு விரலை எடுப்பார். அவர் நினைத்ததே வந்திருந்தால் கசக்கிக் குப்பையில் போட்டுவிடுவார். ஏமாந்துபோனால் மட்டும் பெரிய ரிஜிஸ்டரில் பசை தடவி ஒட்டுவார்.

“மூணாவது கட்டத்துல ஆளு சந்தோஷமா இருக்கணும்மா. அங்க ஒரு சிரிப்பு சிரிச்சாத்தான், நாலாவதுல விழறது விழறதா இருக்கும்” என்பார்.

அவர் கண் சாதாரணக் கண் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கார்ட்டூன் என்றால் சிரித்துவிட்டுத் தூக்கிப் போடுவது என்றிருந்த எனக்கு அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அவர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்த இரண்டு வருஷம்தான். இந்த ஆள் தரையே வரையவில்லை, காலடியில் ஒரு நிழல் கோடு போட்டதும் தரை வந்துவிட்டது பார் என்பார். இங்கிலீஷுக்காகப் போட்ட வசன பலூனில் தமிழை அடைத்திருக்கிறான், எழுத்துக்கு மூச்சு முட்டுகிறது என்பார். “ஒரு கோடு ஜாஸ்தியா போச்சுன்னா சிரிப்பு கம்மியாயிடும்” என்பது அவர் கணக்கு. தினமும் ஒன்று வரைந்தாக வேண்டியவனுக்குச் சனிக்கிழமை கை சோர்ந்துவிடும் என்றும், அன்றைக்கு மரம், நாற்காலி எல்லாம் காணாமல் போய் ஆள் மட்டும் நிற்பான் என்றும் அவர் சொன்ன பிறகு பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

ஒருநாள் காலை கத்தரிக்கோல் பாதியில் நின்றது.

“ஆளு மாறிட்டான்” என்றார்.

“யாரு சார்?”

“வரையறவன். ஷூவைப் பாரு. பழைய ஆளு குதிகாலைத் தனியா போட மாட்டான். ஒரே இழுப்பு. இவன் ரெண்டு கோடு போட்டிருக்கான்.”

“லீவுல போயிருப்பாரு சார்.”

“தினம் கார்ட்டூன் போடறவனுக்கு ஏதும்மா லீவு? செத்திருப்பான்.”

டீ ஆறிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். ஒரு மாதம் கழித்து, கட்டத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர் மாறியது. லென்ஸை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். “இன்னா, நான் சொன்னேனா இல்லியா?” அவர் முகம் முழுக்கச் சந்தோஷம். அந்த ஒரே இழுப்பு ஷூவை எத்தனையோ வருஷமாகத் தினமும் காலையில் தேடிப் பார்த்தவர் அவர். வரைந்தவன் போனதில் வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். தன் கண் தப்பவில்லை என்பதுதான் அவருக்கு முக்கியம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு செயின்மேன் இருந்தார். நிலம் அளக்கும்போது சங்கிலியின் ஒரு முனையைக் கல்லின்மேல் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிற வேலை. நாற்பது வயசு இருக்கும். பெரிய காது. எதற்கும் சிரிப்பார், சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வார். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். தினக்கூலி. பத்து வருஷமாக அப்படியே. மாதச் சம்பளத்துக்கு மாற்றுகிறேன் என்று முதலாளி ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த நாள். அப்போதெல்லாம் பாஸானவர்களின் பதிவு எண்கள் பேப்பரில்தான் வரும். செயின்மேன் அண்ணா தன் மகளின் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பேப்பரை விரித்து வரிசை வரிசையாக விரலை நகர்த்தினார். மகளின் எண் வரவேண்டிய இடத்தில் ஜன்னல் இருந்தது.

“சார், பின்னாடி நம்பர் இருக்கு சார். அந்தத் துண்டைக் கொஞ்சம் குடுங்க சார்.”

“ஒட்டியாச்சேய்யா. பிரிச்சா கிழிஞ்சிடும்.”

“ஒரே ஒரு தடவை சார்.”

“வேற பேப்பர் வாங்கிப் பாரேன்.”

கடைகளில் அன்றைக்குப் பேப்பர் தீர்ந்துபோயிருந்தது. அண்ணா படி இறங்கி ஓடினார், வந்தார், மறுபடி ஓடினார். சார் ரிஜிஸ்டரை மூடிவைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, போதும் என்று தோன்றியதோ என்னவோ, அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ரிஜிஸ்டர் தாள் மெல்லிசு. படத்துக்குப் பின்னால் எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறித் தெரிந்தன. மகள் பாஸ். அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “சார் மனசு தங்கம்” என்று கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போய்ச் சொன்னார்.

சார் என்னிடம், “காலையிலயே வெளிச்சத்துல பார்த்துட்டேன்” என்றார்.

அவர் எங்களையும் வரைவார். வாரத்துக்கு ஒருவர். வீணாய்ப்போன டிரேசிங் பேப்பரில், நிலப்படம் வரைகிற அதே மைப்பேனாவால் நாலு கட்டம். திங்கட்கிழமை காலை நாங்கள் வருவதற்குள் அறிவிப்புப் பலகையில் குத்தியிருக்கும். நிலப்படத்தின் அடியில் இருப்பதுபோலவே இதன் அடியிலும் இரண்டு வரி உண்டு. ‘வரைந்தவர்’ என்ற இடம் காலியாக இருக்கும். ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில், யாரை வரைந்திருக்கிறாரோ அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கித்தர வேண்டும். முக்கியமாகச் சிரிக்க வேண்டும். சிரிக்காதவரை அடுத்த வாரமும் வரைவார்.

என் மூக்கை வரைந்திருக்கிறார். நான் கையெழுத்துப் போட்டு, சிரித்து, டீ வாங்கித் தந்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியை வெகுநேரம் பார்த்திருக்கிறேன். அவர் போட்டதில் ஒரு கோடுகூடப் பொய் இல்லை என்பதுதான் தாங்க முடியாதது.

ஒருமுறை கேட்டேன். “முதலாளியை ஏன் சார் வரையறதில்ல?”

“அவரு விழ மாட்டாரும்மா. விழாத ஆளை வச்சு நாலாவது கட்டத்துக்கு எங்க போறது?”

நேற்றைக்கு வருகிறேன். தலைமையாசிரியை அறையில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. நன்றாக வரைவாள். போனில் விரலாலேயே வரைவாள். சின்ன வயசில் பேப்பரில் வரும் படக்கதைகளை மடியில் வைத்துக்கொண்டு, நிழலைப் பார், ஷூவைப் பார், கடைசிக் கட்டத்தை விரலால் மூடிக்கோ என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். அவையெல்லாம் என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் திருத்தவில்லை.

வகுப்பாசிரியை போனை என்னிடம் நீட்டினார். நாலு கட்டம். வகுப்பில் ஒரு பெண், செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். விளையாட்டு விழாவுக்கு அப்பா வாங்கித்தந்த புது ஷூ. முதல் கட்டத்தில் ஷூவைத் துடைக்கிறாள். இரண்டாவதில் ஓட நிற்கிறாள். மூன்றாவதில் எல்லோரையும் தாண்டி ஓடுகிறாள், முகம் முழுக்கச் சிரிப்பு. நாலாவதில் மைதானத்தில் பிய்ந்துபோன ஷூவின் அடிப்பாகம் மட்டும் கிடக்கிறது. ஒரு காக்கா அதை மீன் என்று நினைத்துக் கொத்துகிறது.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. தரை வரையாமல் தரையைக் கொண்டுவந்திருந்தாள்.

“அந்தப் பொண்ணு ஒன்பது நாளா ஸ்கூலுக்கு வரலைங்க” என்றார் ஆசிரியை. “அவங்க அப்பா போன் பண்ணார். இனிமே அனுப்ப மாட்டாராம். அவளே வேணாம்னு சொல்றாளாம். உங்க பொண்ணைக் கூட்டிட்டு நீங்களே அவங்க வீட்டுக்குப் போய், கூப்பிட்டுட்டு வாங்க. உங்க பொண்ணுதான் இதுக்கு ஒத்துக்க மாட்டேங்குறா.”

“நான் எதுக்கு மிஸ் போகணும்?” என்றாள் என் மகள். “அவளே சிரிச்சிருக்கா பாருங்க. குரூப்ல நாங்க எல்லாருமே மத்தவங்க வரைஞ்சா சிரிப்பு போடணும், அதான் ரூலு. அவளும் போட்டா. பிடிக்கலைன்னா போட்டிருக்க மாட்டாள்ல?”

படத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் முகம் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயர். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அது என்ன கையெழுத்து என்று எனக்குத் தெரியும்.

தேர்வு முடிவு வந்ததற்கு அடுத்த வருஷம், கோடைக்கு முன்னால் ஒரு நிலத்தை அளந்தோம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்குப் பாகம். நடுவில் ஒரு கிணறு, அது அண்ணன் பாகத்தில். செயின்மேன் அண்ணா சங்கிலி பிடித்தார், அளவுகள் புத்தகத்தில் ஏறின, படத்தை நான் வரைந்தேன். படம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த திங்கட்கிழமை பலகையில் செயின்மேன் அண்ணா. முதல் கட்டத்தில் தோளில் சங்கிலியோடு நடக்கிறார், காது இரண்டும் குடைபோல விரிந்திருக்கிறது. இரண்டாவதில் வெயில், தூரத்தில் புளியமரம். மூன்றாவதில் நிற்கவேண்டிய கல்லை விட்டுவிட்டு மர நிழலில் இருக்கும் வேறொரு கல்லின்மேல் சங்கிலியைப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு சொர்க்கத்தில் இருக்கிறார். நாலாவதில் நிலத்துக்காரர் படத்தை விரித்துப் பிடித்திருக்க, அவருக்குப் பின்னால் கிணறு இரண்டு கால் முளைத்துப் பக்கத்து நிலத்துக்கு நடந்துபோகிறது.

அவ்வளவு நல்ல கார்ட்டூனை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. கிணற்றின் நடையில் ஒரு திமிர் இருந்தது. அண்ணாதான் எல்லோரையும்விட ஜாஸ்தியாகச் சிரித்தார். “ஐயோ, கெணறு நடந்து போவுது பாருங்க மேடம்!” வாயைப் பொத்திக்கொண்டு, ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் பெயர் எழுதினார். அந்த வாரம்தான் முதலாளி, அடுத்த மாதத்திலிருந்து உனக்கு மாதச் சம்பளம் என்று உறுதியாகச் சொல்லியிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் டீயோடு ஆளுக்கொரு பஜ்ஜியும் வாங்கித்தந்தார்.

பஜ்ஜியின் எண்ணெயைக் கையில் துடைத்துக்கொண்டே, ஏன் என்று தெரியாமல், அளவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். புத்தகத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அண்ணா சரியான கல்லில்தான் நின்றிருக்கிறார். நான்தான் கோட்டின் இந்த முனையிலிருந்து வைக்கவேண்டிய அளவை அந்த முனையிலிருந்து வைத்திருக்கிறேன். உண்மையிலேயே கிணறு தம்பி பாகத்துக்குப் போயிருந்தது. சார் சும்மா கற்பனைக்கு வரைந்தது தற்செயலாக நிஜமாகிவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். வியாழக்கிழமை அண்ணன் பாகக்காரர் தலையில் கட்டோடு படியேறி வந்தார். கிணற்றுத் தகராறில் தம்பி மகன் அடித்துவிட்டானாம். முதலாளி அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டே நடந்தவர், பலகை முன்னால் நின்றுவிட்டார்.

“இது இன்னா இது?”

நாலாவது கட்டத்தில் விரலை வைத்தபடி முதலாளி சார் பக்கம் திரும்பினார்.

“சார், இந்தக் கெணறுதான இது?”

சார் தலை நிமிராமல், “படத்துலயே இருக்கே முதலாளி” என்றார்.

முதலாளி அண்ணாவைக் கூப்பிட்டார். “கல்லு மாறி நின்னியாய்யா?”

“இல்ல முதலாளி. அது தமாஷுக்குப் போட்டது. சார் வாராவாரம் போடுவாரு.”

“கையெழுத்து உன்னுதுதான?”

“என்னுதுதான் முதலாளி.”

“சரிபார்த்தவர்னு போட்டிருக்கு. படிச்சுட்டுதான போட்ட?”

அண்ணா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு வந்ததனால் இல்லை. வேறென்ன செய்வதென்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். அளவுப் புத்தகம் என் முழங்கையின் கீழே இருந்தது. அதைத் திறந்து நீட்ட ஒரு நிமிஷம் ஆகாது. நான் பென்சில் சீவினேன். கூர் வந்த பிறகும் சீவிக்கொண்டிருந்தேன்.

தினக்கூலியை நிறுத்த விசாரணை எதுவும் தேவையில்லை. தலையில் கட்டோடு வந்தவரின் எதிரிலேயே முதலாளி அவரைப் போகச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்துச் சார் குடியிருந்த அறைக்குப் போனேன். செங்கம் சாலையில், வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற விடுதிகளுக்கு நடுவே மாடியில் ஒற்றை அறை. கட்டிலில் பாதி ரிஜிஸ்டர்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் புத்தகங்கள் அங்கே பழைய பேப்பர் கடைக்கு வரும். சனிக்கிழமைதோறும் போய்க் கிளறுவார். அப்படிக் கிடைத்த ஒன்று மடியில் விரிந்திருந்தது. சமையல் மேடை அகலம். நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் பேப்பர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள், அச்சு நிறங்களோடு.

“முதலாளிகிட்ட நீங்க சொன்னா கேப்பாரு சார். அண்ணா மேல தப்பு இல்ல” என்றேன்.

“உக்காரும்மா. இதைப் பாரு முதல்ல. இந்தக் காலத்துல ஒரு பக்கம் முழுக்க இவனுக்குக் குடுத்திருக்காங்க. அப்புறம் அரைப் பக்கம், கால் பக்கம், நம்ம பேப்பர்ல நாலு விரல். எடம் இருந்தப்ப இன்னா ஆட்டம் ஆடியிருக்கான் பாரு.”

பார்த்தேன். ஒரு வீடு முழுவதும் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஓடும் தனித்தனியாகப் பறந்தது. அழகுதான். மூலையில் ஒரு கறுப்பு வேலைக்காரன் தலையில் பானை உடைந்து கிடந்தான். உதட்டைத் தட்டுபோல வரைந்திருந்தார்கள். அடுத்த பக்கத்திலும் அவன்தான் விழுந்தான். அதற்கடுத்ததிலும்.

“ஏன் சார் எப்பவும் இவனே?”

“அந்த ஊர்ல அவன்தாம்மா செயின்மேன்” என்றார்.

எழுந்துவிட்டேன். அப்போதுதான் ரிஜிஸ்டருக்குள்ளிருந்து ஒரு டிரேசிங் பேப்பரை எடுத்து நீட்டினார். முதல் கட்டத்தில் நான் மேஜையில் குனிந்து வரைகிறேன். இரண்டாவதில் என் கையிலிருக்கும் ஸ்கேல் கோட்டின் தப்பான முனையில் இருக்கிறது. மூன்றாவதில் நான் பலகையைப் பார்த்துக் கழுத்து தெரிய அண்ணாந்து சிரிக்கிறேன், கையில் பஜ்ஜி. நாலாவது கட்டத்தில் ஒன்றுமில்லை.

“உங்களுக்கு எப்ப சார் தெரியும்?”

“நீ ஸ்கேலை வைக்கும்போதே பார்த்துட்டேன்.”

“அப்பவே சொல்லியிருந்தா...”

“சொல்லியிருந்தா நீ அழிச்சிருப்ப. கெணறு நடந்திருக்குமா?”

“என்னை ஏன் சார் போடல? அண்ணாவை ஏன் போட்டீங்க?”

“உன்னைப் போட்டா சிரிப்பு கம்மி. காது இல்ல உனக்கு.” கொஞ்சநேரம் என்னையே பார்த்தார். “புக்கு உங்கிட்டதானம்மா இருக்கு. நீயே போய்ச் சொல்லேன்.”

நான் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அதான் நாலாவது காலியா இருக்கு” என்றார். “இன்னும் நடக்கலியே. வச்சுக்கோ.”

அந்தக் காகிதத்தோடு படி இறங்கினேன். முதலாளியிடம் போகவில்லை. ஒரு வருஷத்தில் எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் வந்து அந்த அலுவலகமும் போனது. சார் எங்கே போனார், இருக்கிறாரா இல்லையா, தெரியாது. கல்யாணமாகி, வீடு மாறி, மறுபடி மாறியும் அந்தக் காகிதத்தை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை.

இன்று சாயங்காலம் அதை எடுத்து என் மகளின் முன்னால் வைத்தேன். நேற்றிலிருந்து என்னோடு பேசாதவள், படத்தைப் பார்த்ததும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“செமம்மா. யாரு வரைஞ்சது? ரெண்டே கோட்டுல கழுத்து வந்துடுச்சு. இது நீயா?”

“நான்தான்.”

“எதுக்கு இப்படிச் சிரிக்கிற?”

சொன்னேன். கிணற்றை, புளியமரத்தை, கையெழுத்தை, பென்சிலை, எல்லாவற்றையும். அவள் பரீட்சைக்குப் படிப்பதுபோல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். காலிக் கட்டத்தைக் காட்டி, “இதுல?” என்றாள்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை அதன்பிறகுதான் சொன்னேன். அப்போது அவள் ஒரு வயசுக் குழந்தை. ஒரு பௌர்ணமியன்று அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கிரிவலம் போனேன். வழியில் ஒரு லாட்ஜ் வாசலில் நின்று “ரூம் வேணுமா சார், ரூமு” என்று கூவிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். காதை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

“மேடம்! நல்லா கீறீங்களா? பாப்பாவா? சார் எப்படி இருக்காரு? இன்னா கை மேடம் அவருக்கு! அந்தக் கெணறு நடந்து போச்சே, இப்ப நெனச்சாலும் சிரிப்பு வரும். இருங்க, டீ சொல்றேன்.”

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அவரே வாங்கி வந்து கொடுத்தார். மகளைப் படிக்கவைக்க முடியாமல் போனதையும் பேச்சுவாக்கில் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒண்ணு கேக்கணும் மேடம். புக்கு உங்ககிட்டதான இருந்துச்சு. நான் நெசமாவே கல்லு மாறி நின்னுட்டனா? அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, நெழல்ல நின்னா மாதிரியே எனக்கு ஞாபகம் வருது. வெயில்ல நெனப்பு தப்பிடுச்சு போல.”

என் மகள் குறுக்கிட்டாள். “நீ இன்னா சொன்ன?”

“ஞாபகம் இல்லண்ணான்னு சொன்னேன்.”

“டீ?”

“குடிச்சேன்.”

அவள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பென்சிலை எடுத்தாள். நான் தடுக்கவில்லை. சாரின் மூன்று மைக் கட்டங்களுக்குப் பக்கத்தில், நாலாவதில், மெல்லிய பென்சில் கோடுகளில் ஒரு பெண் டீ கிளாஸை வாயில் வைத்தபடி நின்றாள். எதிரில் பெரிய காதுகளோடு ஒருவர், கை வாய்க்குப் போயிருந்தது. பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை. அது இரண்டு பேரையும் பார்க்காமல், படம் பார்க்கிறவர்களை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

“நானும் அங்க இருந்தேன்ல?” என்றாள்.

பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பி, அடியில் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் விரலை வைத்தாள். பென்சிலை நீட்டினாள்.

போட்டேன். அலுவலகத்தில் போடுகிற முழுக் கையெழுத்து.

நான் சிரிக்கிறேனா என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சார் பார்ப்பதுபோலவே, கண்ணைச் சிமிட்டாமல், அவசரமில்லாமல். எங்கே திரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து அவளேதான் பார்வையை எடுத்தாள்.

“செங்கம் பக்கம் அவ ஊருக்குக் காலையில எத்தனை மணிக்கும்மா பஸ்ஸு?” என்றாள்.